சுய நலம்: நடுவில் ஓர் இடைவெளி

உளவளத்துணை (கவுன்சலிங்) வகுப்பின் கரும்பலகையில் ‘சுய நலம்’ என்று எழுதினேன். இரண்டு சொல்லாகத்தான் எழுதினேன், நடுவில் தாராளமாக இடைவெளியும் விட்டிருந்தேன். ஆனாலும் பின்வரிசையில் சிரிப்புக் கிளம்பிவிட்டது. “மிஸ், இது கூடாதெண்டுதானே சின்ன வயசில இருந்து எங்களுக்குச் சொல்லித் தந்த?” என்று களுவாஞ்சிகுடிப் பக்கத்து அக்கா ஒருவர் கேட்டார். என்னைவிட மூத்தவர், ஆனாலும் வகுப்புக்குள் நான் மிஸ்தான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அதை அழித்துவிட்டு, பாடத்திட்டத்தில் இருந்தபடி ‘சுயபராமரிப்பு’ என்று எழுதினேன். அது இன்னும் மோசம். பராமரிப்பு என்பது வீதிக்கும் வாகனத்துக்கும் செய்கிற வேலை. ஓடிய தூரத்தைப் பார்த்து ஒயில் மாற்றுவது போல. ‘தன்னைப் பேணல்’ என்று இன்னொருவர் சொன்னார். நல்ல தமிழ்தான், ஆனால் யார் வாயிலும் வராது. கடைசியில் எல்லோரும் செல்ப் கெயார் என்றே சொல்லத் தொடங்கினோம். பிறரைக் கவனிக்க எங்களிடம் சொல்லுக்குப் பஞ்சமில்லை. தாங்குகிறோம், ஆற்றுகிறோம், தேற்றுகிறோம், பார்த்துக்கொள்கிறோம். தன் நலத்தைச் சொல்ல நேராக இருந்த ஒரு சொல் மட்டும் வசவாகிப் போய்விட்டது. சங்கடம் சொல்லோடு நின்றிருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

அது 2018இன் கடைசிப் பகுதி. மட்டக்களப்பு நகரில் சனி, ஞாயிறுகளில் நடந்த ஓராண்டு உளவளத்துணை டிப்ளோமா. பிரதேச செயலகங்களில் வேலை செய்பவர்கள், பாடசாலை ஆசிரியர்கள், தொண்டு நிறுவனப் பெண்கள், வேலை தேடிக்கொண்டிருந்த இரண்டு மூன்று பட்டதாரிகள். வடக்கே வாகரையிலிருந்தும் தெற்கே அக்கரைப்பற்றிலிருந்தும் முதல் பஸ் பிடித்து வருவார்கள். சுயபராமரிப்புக்குப் பாடத்திட்டத்தில் கிடைத்த இடம் பதினோராவது மாதம், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மணித்தியாலம். நித்திரை வரும் நேரம் என்பதால் படங்கள் காட்டினால் நல்லது என்று, யாரோ ஒரு வளவாளர் தந்துவிட்டுப் போன பவர்பொயின்ட்டைப் போட்டேன். கடற்கரையில் வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி சம்மணமிட்டுக் கண்மூடி இருக்கிறாள், பின்னால் கடலுக்குள் சூரியன் மறைகிறது. கீழே ‘வாரம் ஒருமுறையாவது கடற்கரையில் நடங்கள்’ என்று எழுதியிருந்தது.

“கடலுக்கா மிஸ்?” என்றார் ஒருவர். நாவலடிக்காரர். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கும் அந்த மண்துண்டை 2004 டிசம்பர் 26 காலையில் அலை என்ன செய்தது என்று தெரியாத எவரும் அந்த அறையில் இல்லை. அவர் குத்தலாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே விளங்காமல்தான் கேட்டார். நான் ஏதோ சொல்லிச் சமாளித்து அடுத்த படத்துக்குப் போனேன். இரவு வீட்டுக்கு வந்த பிறகுதான் இன்னொன்று உறைத்தது. எங்கள் கரையில் சூரியன் கடலில் மறைவதே இல்லை. எழுவான்கரையில் கடலில் எழுந்து, வாவிக்கு அப்பால் படுவான்கரையில் படும். ஊர்ப் பெயரிலேயே இருக்கிற விசயம். அந்தப் படத்தை அதற்கு முன்பு மூன்று அணிகளுக்குக் காட்டியிருக்கிறேன்.

பாடம் பிழையானது என்று நான் சொல்லவரவில்லை. உதவி செய்கிறவர்களும் தேய்ந்துபோவார்கள் என்பதை ஒருவர் பெயர் வைத்துச் சொன்னதே பெரிய காரியம். நியூயோர்க்கில் இலவச மருத்துவ நிலையத்தில் தொண்டாற்றியவர்கள் மாதக்கணக்கில் வெந்து வெறுமையாவதைப் பார்த்து ஹேர்பேர்ட் ஃப்ரொய்டன்பேர்கர் 1974இல் எழுதியபோதுதான் ‘பேர்ன் அவுட்’ என்ற சொல் எங்கள் துறைக்குள் வந்தது. கிறிஸ்ரினா மஸ்லாக் அதை மூன்றாகப் பிரித்துக் காட்டினார்: மனம் வற்றிப்போவது, எதிரில் இருப்பவர் மனிதராகத் தெரியாமல் ஒரு ‘கேஸ்’ ஆகத் தெரியத் தொடங்குவது, நான் செய்வதால் ஒரு பிரயோசனமும் இல்லை என்று தோன்றுவது. மனவடுக் கதைகளைக் கேட்டுக்கேட்டே கேட்பவரின் உலகப் பார்வை மாறிப்போகும் என்று மக்கானும் பேர்ல்மனும் 1990இல் எழுதினார்கள். இரக்கக் களைப்பு என்ற பேச்சை 1995இல் சார்ள்ஸ் ஃபிக்லி பரவலாக்கினார். ஜேன் மையர்ஸும் தோமஸ் ஸ்வீனியும் தந்த நலவாழ்வு மாதிரிகளில் முதலாவது ஒரு சக்கரம், நடுக்குடத்தில் ஆன்மீகம். அது எங்கள் ஆட்களுக்கு உடனே பிடித்துவிடும். மாமாங்கத்துக்குத் தீர்த்தமாடப் போகிறவரும் ஐந்து வேளை தொழுகிறவரும் அந்த நடுக்குடத்தைப் பார்த்துத் தலையாட்டுவார்கள். இதையெல்லாம் மனப்பாடமாகச் சொல்வேன், பரீட்சைக்குக் கேள்வியும் எடுப்பேன்.

எனக்கு முரண்டு பிடித்தது வேறு இடத்தில். உதவிப் பணியில் இருப்பவர்களின் களைப்பை அளக்கும் பெத் ஸ்டாமின் வினாக்கொத்தில் 30 கேள்விகள், கடந்த 30 நாட்களில் எப்படி இருந்தீர்கள் என்று கேட்கும். 30 நாள் எங்கே போதும்? என் வகுப்பில் இருந்தவர்களில் மூத்தவர்கள் 1990இன் படுகொலைகளைக் கண்டவர்கள், நடுவயதினர் அலையைக் கண்டவர்கள், 2007 போரில் படுவான்கரையிலிருந்து பாயும் பானையுமாக ஓடி வந்தவர்களும் இருந்தார்கள். நான் படித்த புத்தகங்களில் பெரும்பாலானவற்றில் காயப்பட்டவர் ஒரு கதிரையில், கேட்பவர் இன்னொரு கதிரையில். கேட்பவருக்கு வருவது இரண்டாம் கையாக வருகிற நோவு. இங்கே இரண்டு கதிரையிலும் ஒரே ஊர்தான் இருக்கிறது.

இது எனக்கு அன்றே தெரிந்திருந்தது என்று பீற்றிக்கொள்ளக் கூடாது. தெரிந்தது 14 மாதம் கழித்து, ஒரு சாரக்கடையில், லுங்கி விற்கிற கடையில்.

ஒன்பது புள்ளி

அதே அணி, ஆனால் மூன்றாவது மாதம். மூவர் பயிற்சி நடத்திக்கொண்டிருந்தேன். ஒருவர் கேட்கிற துணையாளர், ஒருவர் துணை தேடி வந்து பேசுகிற துணைநாடி, ஒருவர் அவதானிப்பவர். துணைநாடியாக இருப்பவர் சொந்தப் பிரச்சினை ஒன்றைக் கொண்டுவர வேண்டும், ஆனால் சின்னதாக இருக்க வேண்டும் என்பது விதி. பக்கத்து வீட்டு வேலிச் சண்டை, மேலதிகாரியின் சிடுசிடுப்பு, அந்த அளவு. ஒரு மூலையில் மருதமுனையிலிருந்து வந்த இளம்பெண் துணையாளர். வகுப்பில் ஆகச் சின்னவர்களில் ஒருவர், எல்லோரும் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்கு முன்னால் இருந்த தம்பி நுண்கடன் தவணையில் தொடங்கினார். கடனிலிருந்து உம்மென்று இருக்கும் அப்பாவுக்கு, அப்பாவிலிருந்து இல்லாமல் போன அம்மாவுக்கு, அம்மாவிலிருந்து அலை வந்த அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு. அம்மாவின் கை எப்படி நழுவியது என்று சொல்லத் தொடங்கினார். ஐந்தாறு நிமிடத்துக்குள் வேலிச் சண்டை அளவெல்லாம் தாண்டிப் போயிற்று.

நான் கையில் படிவத்தோடு இரண்டடி தள்ளி நின்றேன். நிறுத்தியிருக்க வேண்டியவள் நான்தான். நிறுத்தவில்லை, ஏனென்றால் அந்தப் பெண் அவ்வளவு அழகாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கை இரண்டும் மடியில், கண் அவர் முகத்தில், முகத்தில் ஓர் அசைவில்லை. புதிதாகப் பயில்கிறவர்கள் அழுகையைக் கண்டால் பதறிப்போய் ‘கவலைப்படாதீங்க, எல்லாம் சரியாகும்’ என்று கொட்டிவிடுவார்கள். இவர் வாயே திறக்கவில்லை. இரண்டு நிமிடம், மூன்று நிமிடம். தம்பி அழுது முடித்து, மூக்கைத் துடைத்து, தானாகவே ஆறினார். எனக்கு உள்ளுக்குள் பெருமை. எல்லோரையும் கூப்பிட்டு, “மௌனம் எப்படியிருக்க வேண்டுமென்று இவரைப் பாருங்கள்” என்றேன். வகுப்பு கைதட்டியது. படிவத்தில் எழுதினேன்: ‘மௌனத்தைச் சிறப்பாகக் கையாண்டார். பதற்றமின்றி உடனிருந்தார். 9/10.’

அடுத்த வாரம் அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. போன் எடுக்கவில்லை. பிறகு ‘வீட்டில் கொஞ்சம் பிரச்சின மிஸ்’ என்று ஒரு செய்தி வந்தது. கலியாணம் பேசியிருப்பார்கள் என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். பெண்பிள்ளை படிப்பை விட்டால் எங்கள் ஊரில் காரணம் தேட அதிகம் மெனக்கெட மாட்டார்கள். எட்டு மாதம் கழித்து, நான் கரும்பலகையில் சுய நலம் என்று எழுதிய அன்று, அவருடைய கதிரையில் வேறு யாரோ பையை வைத்திருந்தார்கள்.

நடுவில் 2019 ஏப்ரல் வந்தது. உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்ததற்குப் பிறகு சில வாரங்கள் நாங்கள் சிலர் வீடு வீடாகப் போனோம். அதைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன். ஒரு வீட்டில் ஒரு தாய் பேசிக்கொண்டிருக்கும்போது, கொஞ்ச நேரமாகவே எனக்கு மின்விசிறியின் சத்தம் மட்டும்தான் கேட்கிறது என்று கண்டுபிடித்தேன். அவர் வாய் அசைந்துகொண்டிருந்தது. நான் தலையாட்டிக்கொண்டும் இருந்தேன். வெளியே வந்தபோது அந்தத் தாயின் தங்கை என் கையைப் பிடித்து, “நீங்க பொறுமையாக் கேட்டது அக்காக்கு நல்ல ஆறுதல்” என்றார். களைப்பு என்று எனக்கே நான் ஒரு பெயர் வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். மருதமுனைப் பெண்ணை அந்த நாட்களில் ஒருதடவை நினைத்தேன். சோதனைச் சாவடியும் முஸ்லிம்கள் மீது சந்தேகப் பார்வையுமாக இருந்த அந்த நேரத்தில் அவர்கள் பக்கம் எப்படி இருக்கிறார்களோ என்று போனைக் கையில் எடுத்தேன். என்ன கேட்பது என்று தெரியாமல் வைத்துவிட்டேன்.

சாரக்கடை

2020 ஜனவரியில் கல்முனையில் ஒரு வேலை. திரும்பும் வழியில் அப்பாவுக்குச் சாரம் வாங்கலாம் என்று மருதமுனையில் இறங்கினேன். கைத்தறிச் சாரம் என்றால் அப்பாவுக்கு அது மருதமுனையாகத்தான் இருக்க வேண்டும். உள்ளே போனால் மேசைக்குப் பின்னால் அவர். “மிஸ்!” என்றார், உடனே பிளேன்டீக்குச் சொல்லி அனுப்பினார். சாரங்களை விரித்துக் காட்டினார், நிறம் போகாது என்றார், கலியாணம் ஆகவில்லை என்றும் நான் கேட்காமலேயே சொன்னார். பிறகு சாரத்தை மடித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், “மிஸ், அண்டைக்கு நீங்க எனக்கு ஒம்பது போட்டீங்க, ஞாபகமிரிக்கா?” என்றார்.

இருந்தது. சொன்னேன்.

“நான் மௌனமா இரிக்கல்ல மிஸ். நான் அங்கயே இல்ல.”

அவருக்கு 2004இல் ஒன்பது வயது. அவருடைய சொந்தத் தம்பிக்கு நாலு. அந்தப் பயிற்சியில் இருந்தவர் தாயின் கை தன்னிலிருந்து நழுவியதைச் சொன்னார். இவரிடம் இருந்தது மற்றப் பக்கம்: இவர் பிடித்திருந்த கை. வீட்டில்கூட யாரும் அதைக் கேட்டதில்லை, இவர் சொன்னதுமில்லை. “அவர் அழுதது எனக்குப் பெரிசாத் தெரியல்ல மிஸ். அழுது முடிஞ்சாப் போல நீங்க எல்லாரும் கைதட்டினீங்க. அதத்தான் தாங்க ஏலாமப் போச்சு.” அப்படிச் சொல்லிவிட்டு, சாரத்தைப் பையில் போட்டு, உம்மா 200 ரூபா குறைக்கச் சொன்னதாகச் சொன்னார். உம்மா உள்ளே திரையோரம் நின்று எனக்குத் தலையாட்டினார். என்னைத் திட்டியிருந்தால் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். திரும்ப வகுப்புக்கு வருகிறீர்களா என்று கேட்டேன். “பாப்பம் மிஸ்” என்றார். வரவில்லை. இதை எழுதலாமா என்று பிறகு கேட்டபோது, மற்றதை எல்லாம் மாற்றுங்கள், ஊர்ப் பெயரை மட்டும் மாற்ற வேண்டாம் என்றார். அப்படியே செய்திருக்கிறேன்.

பஸ்ஸில் வரும்போது எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது அந்தப் படிவம்தான். உறைந்துபோனவரும் தேர்ந்தவரும் இரண்டடி தூரத்திலிருந்து ஒரே மாதிரித்தான் தெரிகிறார்கள். பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, கேட்டால்தான் தெரியும். பயிற்சி முடிந்ததும் முதலில் துணையாளரிடம் ‘உங்களுக்கு எப்படி இருந்தது?’ என்று கேட்க வேண்டும், அவதானிப்பவரும் பயிற்றுநரும் அதற்குப் பிறகுதான் வாய் திறக்க வேண்டும் என்று அதே பாடநெறியின் கைந்நூலில் இருக்கிறது. அதை அச்சடித்துப் பிணைத்துக் கொடுத்ததே நான்தான். கேட்க வேண்டிய நேரத்தில் பாராட்டிவிட்டேன். பாராட்டு வாயை அடைப்பது மாதிரி வேறெதுவும் அடைக்காது. 9 புள்ளி வாங்கியவர் எழுந்து நின்று ‘எனக்கு மூச்சு முட்டியது’ என்று எப்படிச் சொல்வார்? பதினோராவது மாதத்தில் சக்கரம் வரைந்து நிறம் தீட்டவைத்த செல்ப் கெயார் பாடம் உண்மையில் மூன்றாவது மாதத்து அந்த மூலையில் நடந்திருக்க வேண்டும். அந்தப் பாடத்தில் பெயிலானது வகுப்பில் இருந்தவர்கள் அல்ல.

கிணற்றடி

செத்தவீட்டுக்குப் போய் வந்தால் எங்கள் அம்மா வீட்டுக்குள் விடமாட்டார். “கிணத்தடியால வா” என்பார். தலையில் இரண்டு வாளி ஊற்றி, உடுப்பு மாற்றிய பிறகுதான் தேத்தண்ணி. சின்ன வயதில் அது துடக்கு என்று மட்டும்தான் தெரியும். இப்போது யோசித்தால், ஒருவர் இன்னொரு வீட்டின் துக்கத்திலிருந்து தன் வீட்டுக்குள் வருவதற்கு நடுவில் ஒரு வாசல் வைத்திருக்கிறார்கள், அந்த வாசலில் தண்ணீரோடு இன்னொரு ஆள் நிற்கிறார். தனியாக நின்று தன்னைத்தானே பராமரிக்கிற வேலை இல்லை அது. வைகாசியில் கண்ணகை அம்மன் கோயில்களில் சடங்கு முடியும்போது குளிர்த்தி பாடி ஆற்றுவதும் அப்படித்தான். மதுரையை எரித்தவளையே சூட்டோடு விட்டுவிடுவதில்லை, ஊரே கூடி நின்று குளிர்விக்கிறது.

இதைச் சொன்னால் சிலர் உடனே உருகிவிடுவார்கள், எல்லாம் நம் மரபிலேயே இருக்கிறது என்பார்கள். அவ்வளவு லேசாக எனக்கு ஒத்துக்கொள்ள முடியவில்லை. அதே கிணற்றடியில்தான் ‘குளிச்சிட்டு வா, இனி அதைப் பற்றிக் கதையாத’ என்றும் சொன்னார்கள். மருதமுனை வீட்டில் 15 வருடம் ஒரு பிள்ளை எதையும் சொல்லாமல் இருந்ததற்கும் அந்த மாதிரிப் பேச்சுக்கும் தொடர்பு இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. தண்ணீர் வேண்டும், பேச்சும் வேண்டும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் பேர்ன் அவுட்டை நோய் என்று சொல்லவில்லை, சரியாகக் கையாளப்படாத வேலையிட நெருக்கீட்டால் வருவது என்றது. வேலையிடம் என்ற சொல்லை நாங்கள் வசதியாக விட்டுவிடுகிறோம். ஓர் உளவளத்துணையாளர் அலுமாரி இரண்டைத் தடுப்பாக நிறுத்திய மூலையில் இருந்து, மறுபக்கம் ஆட்கள் பென்சன் படிவத்துக்கு வரிசையில் நிற்க, வீட்டு வன்முறைக் கதை கேட்கிறார். வேலை முடிந்து கோயிலுக்குப் போனால் அதே துணைநாடி அர்ச்சனைத் தட்டோடு பக்கத்தில் நிற்கிறார். தாய்வழிக் குடிமுறைப்படி பார்த்தால் ஏதோ ஒரு வழியில் மச்சாள் முறையும் வரும். ‘வேலையை அலுவலகத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள்’ என்று அவருக்கு எப்படிச் சொல்வது? மாதம் ஒருமுறையாவது ஒழுங்கான மேற்பார்வை, கதவுள்ள ஓர் அறை, இத்தனை பேருக்கு மேல் ஒரு நாளில் பார்க்க வேண்டாம் என்ற ஒரு வரையறை, இவை இல்லாமல் மூச்சுப் பயிற்சியை மட்டும் கையில் கொடுப்பது, ஓட்டைத் தோணியில் ஏற்றிவிட்டு நன்றாகத் தண்ணி கோலு என்று சொல்வது மாதிரி. மூச்சுப் பயிற்சி எனக்குப் பிடிக்கும், நான் செய்கிறேன். அது வேறு கதை.

2023இல் புதிய அணி தொடங்கியபோது சிலதை மாற்றினோம். செல்ப் கெயார் பதினோராவது மாதத்திலிருந்து முதல் நாளுக்கு வந்தது. மூவர் பயிற்சியில் யாரும், துணையாளர் உட்பட, கையை நெஞ்சில் வைத்தால் அந்த இடத்தில் நிறுத்தம், காரணம் கேட்பதில்லை. புள்ளி போடுவதை நிறுத்திவிட்டேன், கைதட்டலையும். பயிற்சியில் ஏற்ற பாத்திரத்திலிருந்து வெளியே வரவும் ஒரு வழி வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தபோது, ஏறாவூரிலிருந்து வந்த ராத்தா ஒருவர், “பைப்படில போய் மொகத்தக் கழுவிட்டு வந்தா என்ன மிஸ்?” என்றார். தொழுகைக்கு முன் கழுவுகிற பழக்கத்தில் சொன்னார், எனக்கு அம்மாவின் கிணற்றடி ஞாபகம் வந்தது. இப்போது ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் எல்லோரும் பைப்படிக்குப் போகிறோம். முகம் கழுவிவிட்டு வந்து, ஒவ்வொருவரும் தன் பெயர், தன் ஊர், இன்று காலையில் என்ன சாப்பிட்டேன் என்பதைச் சொல்ல வேண்டும். துணைநாடியின் கதையிலிருந்து தன் உடம்புக்குத் திரும்பி வருவதற்காக.

முதல் நாளே அந்த மூன்றாவது கேள்வியில் மாட்டிக்கொண்டோம். பிட்டும் வாழைப்பழமும் என்றார் ஒருவர், பாணும் சம்பலும் என்றார் இன்னொருவர். மூன்றாவது ஆள் வெல்லாவெளிக்காரர், “சாப்பிடல்ல மிஸ்” என்றார். அடுத்தவரும் அதையே சொன்னார். 22 பேரில் ஒன்பது பேர் வெறும் வயிற்றில் இருந்தார்கள். வகுப்பு எட்டரைக்கு, முதல் பஸ் ஐந்தரைக்கு, மண்டூர்ப் பக்கத்திலிருந்து வருகிறவர் பாதையில் (இயந்திரப் படகில்) ஆற்றைக் கடந்து குருமண்வெளிக்கு வந்துதான் பஸ் பிடிக்க வேண்டும். சாமான் விலை ஏறிய பிறகு காலைச் சாப்பாட்டை வீட்டில் பிள்ளைகளுக்கு விட்டுவிட்டு வருகிறவர்களும் இருந்தார்கள், அதை அவர்கள் சொல்லவில்லை, சொல்லாமலே விளங்கியது. இத்தனை வருடமாக நலவாழ்வுச் சக்கரத்தில் ‘போசாக்கு’ என்ற ஆரையை இவர்களைப் போன்றவர்களைக் கொண்டு நிறம் தீட்டவைத்திருக்கிறேன்.

வகுப்பை ஒன்பதே காலுக்குத் தள்ளினோம். வந்தவுடன் பிளேன்டீயும் மீன் பணிசும், அதைச் சாப்பிட்டு முடிக்கும்வரை பாடம் இல்லை. முதல் மாத பில்லைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது கணக்குப் பார்க்கிற தம்பி பேனையைக் கீழே வைத்துவிட்டார். “மிஸ், சிற்றுண்டி ஒதுக்கீடு பத்தரைக்கு மட்டும்தான். இது எந்தத் தலைப்பில போடுற?”

“பயிற்சி உபகரணம் எண்டு போடுங்களன்.”

“பணிஸா?”

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ‘ஏனையவை’ என்று எழுதினார். பெட்டியில் ஒன்று மிஞ்சியிருந்தது. அதை எடுத்துக் கடித்துக்கொண்டே கூட்டலை மறுபடி சரிபார்த்தார். அவரும் காலையில் சாப்பிட்டிருக்கவில்லை.